மேசை நிறைய விண்வெளிக் குடியிருப்பு: எதில் கட்டினால் பெட்டிக்குள் அடங்கும்?

சுமார் 28 மி.மீ. உயரப் பொம்மை வீரர்களை மேசையில் நகர்த்தி ஆடும் மினியேச்சர் ஆட்டத்துக்குக் கட்டடம் செய்வது கடினமில்லை. ஆட்டம் முடிந்ததும் அதை எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். நான்கு கட்டடங்கள் செய்தாலே அலமாரியில் ஒரு தட்டு போய்விடும். அதனால் எந்தப் பொருளை எடுத்தாலும், அது தட்டையாகப் பிரியுமா, ஒன்றுக்குள் ஒன்று அடங்குமா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

பலர் எக்ஸ்பிஎஸ் ஃபோமில்தான் (அடர்த்தியான பாலிஸ்டைரீன் நுரைப் பலகை) தொடங்குவார்கள். மலிவு, சுலபமாக வெட்டலாம், பேனா முனையால் அழுத்திக் கோடு போட்டால் உலோகத் தகடுகளை இணைத்ததுபோலவே இருக்கும். ஆனால் ஒட்டியபின் அது பிரியாது. நேராக ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் கரைந்தும் போகும். முதலில் அக்ரிலிக் பெயின்டால் மூடவேண்டும். குண்டு விழுந்த பள்ளம், தடுப்புச் சுவர் போன்ற சின்னவற்றுக்கு இதுவே போதும்.

3டி பிரின்டரின் நுணுக்கத்துக்கு ஈடில்லை. ஆனால் பெரிய கட்டடம் ஒன்றுக்கு ஒரு நாள் முழுக்கக்கூட ஓடும், முடிந்தபின் உள்ளே வெற்றிடமாக இருந்தாலும் இடத்தை அடைக்கும். அதில் வழக்கமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகிவிடும் என்பதால், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடக் கூடாது. கதவு, குழாய், ஆன்டெனாவுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம். 3 மி.மீ. எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) உறுதியானது, ஆனால் வெட்ட லேசர் வேண்டும், எடையும் அதிகம்.

என் ஓட்டு 5 மி.மீ. ஃபோம் போர்டுக்குத்தான், அதாவது இரண்டு தாள்களுக்கு நடுவே நுரை வைத்த அட்டைக்கு. 1995இல் வந்த நெக்ரோமுண்டா என்ற மினியேச்சர் ஆட்டத்திலும் அட்டைச் சுவர்களைப் பிளாஸ்டிக் துண்டுகளில் செருகித்தான் நகரம் எழுப்பினார்கள். இங்கே அந்தத் துண்டுகளும் தேவையில்லை. ஒரு சுவரின் மூலையில் மேலிருந்து பாதி உயரம், அடுத்த சுவரில் கீழிருந்து பாதி உயரம் வெட்டினால் இரண்டும் ஒன்றையொன்று கவ்வும். வெட்டை 5 மி.மீ.க்குக் கொஞ்சம் அகலமாகவே விடுங்கள். இறுக்கமாக இருந்தால் செருகும்போதெல்லாம் பெயின்ட் உரியும். அப்புறம், இரண்டு பக்கமும் பெயின்ட் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் சுவர் வளைந்துவிடும்.

எரிபொருள் தொட்டிகளுக்குத் தயிர்க் கப்புகளைக் கவிழ்த்தால் சரி. பக்கவாட்டில் எதையும் ஒட்டாமல் அலங்காரத்தை மேல்பக்கம் மெல்லியதாக வைத்தால், பத்துக் கப்புகளும் ஒரே அடுக்காக அடங்கும்.

பெட்டியை முதலில் எடுத்துவைத்துவிட்டு அளவைத் தீர்மானியுங்கள். 75 மி.மீ. உயரச் சுவர்கள் என்றால் ஏ4 பரப்பில் இரண்டு சுவர்கள் பக்கம்பக்கமாகப் படுக்கும். நான்கு சுவர் இரண்டு அடுக்கு, அதன்மேல் ஒரு கூரை, சேர்ந்து 15 மி.மீ. தடிமன். ஆறு கட்டடங்கள் 9 செ.மீ.க்குள் முடிந்துவிடும்.