கூண்டா, வேலியா, கதவுத் தடுப்பா?

"நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை" என்ற பழமொழியைச் சொன்னவர் கட்டாயம் ஒரு குட்டியை வளர்த்திருக்க வேண்டும். எட்டு வாரக் குட்டி நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும். விழித்திருக்கும் கொஞ்ச நேரத்தில் மிதியடி, மேசைக்கால், சார்ஜர் வயர் என்று ஒரு சுற்று முடித்துவிடும். நான்காம் மாதத்தை ஒட்டி 28 பால்பற்கள் விழத் தொடங்கி, ஏழாம் மாதவாக்கில் 42 நிலைப்பற்களும் முளைத்துவிடும். ஈறு நமநமக்கும் அந்த மாதங்களில் "கடிக்காதே" என்று அதட்டுவது வீண் வேலை.

குட்டியைக் காக்க வழிகள் பல இருக்கின்றன. அவற்றை விலையையும் அழகையும் வைத்துத்தான் பலரும் எடை போடுகிறார்கள். என்னிடம் ஒரே கேள்விதான் உண்டு: நான் பார்க்காத பத்து நிமிடத்தில் எது காக்கும்?

முதல் வழி, வேலி எதுவும் போடாமல் வீட்டையே ஒழுங்குபடுத்துவது. தரையோடு தரையாகத் தவழ்ந்து பார்த்தால்தான் குட்டியின் கண்ணுக்குத் தெரிபவை நமக்கும் தெரியும்: கட்டிலடியில் உருண்ட மாத்திரை, பொம்மையிலிருந்து கழன்ற பொத்தான் பேட்டரி, ஒற்றைக் காலுறை. காலுறை குடலை அடைத்துவிடும். பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் சில மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் ஆகாது என்பது பலருக்கும் தெரியும். சர்க்கரையில்லாத சூயிங்கம்மைத்தான் மறந்துவிடுகிறார்கள். அதில் சேர்க்கும் சைலிட்டால் நாயின் உடலில் இன்சுலினை ஒரேயடியாகச் சுரக்க வைத்து, அரை மணி நேரத்திலேயே இரத்தச் சர்க்கரையை இறக்கிவிடக்கூடும். எலி மருந்தோ இதற்கு நேர்மாறு. இரத்தம் உறையவிடாத வகை எலி மருந்தைத் தின்ற குட்டி சில நாட்கள் துள்ளி விளையாடிக்கொண்டிருக்கும். அதன் பிறகுதான் உள்ளே இரத்தம் கசியத் தொடங்கும். எதைத் தின்றிருந்தாலும் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தியெடுக்க வைக்கக் கூடாது. மீந்த பொட்டலத்தோடு உடனே கால்நடை மருத்துவரிடம் போவதே சரி.

இந்த வேலையை யாரும் தவிர்க்க முடியாது. ஆனால் இதை மட்டும் நம்பவும் முடியாது. விருந்தாளி ஒருவர் கைப்பையைத் தரையில் வைக்கும் வரைதான் அந்த ஒழுங்கு நிற்கும்.

அடுத்தது கூண்டு. நான் கேட்ட பத்து நிமிடத்துக்கு இதைவிடக் கெட்டியான காவல் இல்லை. வயரும் எட்டாது, மாடிப்படியும் எட்டாது. குட்டி நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். அதைவிடப் பெரிதானால் ஒரு மூலையைக் கழிப்பிடமாக்கிவிடும். உள்ளே விடும்முன் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட வேண்டும், அது கம்பியில் மாட்டிக் கழுத்தை இறுக்கலாம். கூண்டின் குறை வேறிடத்தில் இருக்கிறது. வயதை மாதத்தில் எண்ணி ஒன்றைக் கூட்டினால், பகலில் குட்டி சிறுநீரை அடக்கக்கூடிய மணி நேரம் கிடைக்கும் என்பது ஒரு கைக்கணக்கு. அதன்படி இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரமே உச்சவரம்பு. வேலைக்குப் போகிறவர் காலையில் பூட்டி மாலையில் திறந்தால் அது சிறை. தப்பு செய்ததற்குத் தண்டனையாக உள்ளே தள்ளினால், தூங்கவும் அங்கே போக மறுக்கும்.

மடக்கு வேலியைத்தான் நான் முதலில் வாங்கச் சொல்வேன். படுக்கை, தண்ணீர்க் கிண்ணம், சிறுநீர் விரிப்பு, கடிக்க ஒரு ரப்பர் பொம்மை, எல்லாம் அதற்குள் அடங்கும். குட்டியும் நாலு எட்டு நடக்கலாம். கூண்டு காக்கும் பத்து நிமிடத்தை இது இரண்டு மணி நேரமாக நீட்டித் தருகிறது. சிறிய இனத்துக்கு 60 செ.மீ. உயரம் போதும், பெரிய இனத்துக்கு 90 செ.மீ.க்குக் குறையக் கூடாது. குறுக்குக் கம்பி உள்ள வேலியை வாங்க வேண்டாம், குட்டிக்கு அது ஏணி. பக்கத்தில் சோபா இருந்தால் அதுவும் ஏணிதான். அடித்தளம் இல்லாத வேலியைச் சுவரோடு பிணைத்து வைக்க வேண்டும். நான் அப்படிச் செய்யவில்லை. எங்கள் குட்டி வேலியை மூக்கால் தள்ளிக்கொண்டே கூடத்தைக் கடந்து, திரைச்சீலையின் நுனியைப் பிடித்துவிட்டது.

கதவுத் தடுப்பு மலிவு, பொருத்துவதும் சுலபம். ஆனால் அது அறையைத்தான் பிரிக்கிறது. அறைக்குள் இருக்கும் வயருக்கும் குட்டிக்கும் நடுவே அது வராது. மாடிப்படியின் மேல்முனையில் திருகாணி போட்டு முடுக்கும் வகைதான் வேண்டும். அழுத்தத்தில் மட்டும் நிற்பதைக் குட்டி மோதி மோதிக் கழற்றிவிடும். கம்பிகளின் இடைவெளியில் தலை நுழையாதா என்று பார்த்து வாங்குங்கள்.

வயரில் பூசும் கசப்பு மருந்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. சில குட்டிகள் விலகும், சில நக்கி ருசி பார்க்கும். வயரைக் குழாய்க்குள் விட்டு மறைப்பதோ பிளக்கைப் பிடுங்கி வைப்பதோ மேல். இடுப்பில் கட்டிய கயிற்றோடு குட்டியைக் கூட்டிக்கொண்டு திரிவது நல்ல பழக்கம், ஆனால் நாம் விழித்திருக்கும்போது மட்டும். தனியாகக் கட்டிவைத்துவிட்டுப் போனால் சிக்கிக்கொள்ளும்.

ஆகவே இரவுக்குக் கூண்டு, பகலுக்கு வேலி, படிக்கட்டுக்குத் தடுப்பு என்று மூன்றையும் வைத்துக்கொண்டேன். பல் முளைத்து முடிந்த பிறகு, வாரம் ஓர் அறையாகத் திறந்துவிட்டேன். பத்து மாதமாகியும் காலணி அலமாரி இருக்கும் நடைவழியில் மட்டும் தடுப்பைக் கழற்றவில்லை.