ஸ்டென்ட் வைத்தபின் நடை: ஈசிஜியா, வாட்சா, பேச்சா?

இதய ரத்தக்குழாய் அடைப்புக்குப் பெங்களூரில் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைத்துக்கொண்டு கிருஷ்ணகிரி திரும்புகிறவர்களிடம் ‘தினமும் நடங்கள்’ என்று சொல்லி அனுப்புவார்கள். எவ்வளவு வேகம், எப்போது நிறுத்துவது? அதைக் கண்காணிக்க மூன்று வழி உண்டு.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி ஒயர் மாட்டி, பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நிற்க, டிரெட்மில்லில் நடப்பது முதல் வழி. பாதுகாப்பில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. துடிப்பு தாளம் தப்பினால் நமக்கு உறைக்கும் முன்பே திரையில் தெரிந்துவிடும். ஆனால் வாரம் மூன்று நாள், மாதக்கணக்கில், 90 கிலோமீட்டர் போய்வர எத்தனை பேரால் முடியும்?

அடுத்தது, பிள்ளைகள் வாங்கிக் கொடுக்கும் ஸ்மார்ட்வாட்ச். பட்டை தளர்ந்தாலே எண் தாறுமாறாகும். அதைவிடப் பெரிய சிக்கல் மாத்திரை. மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் சாப்பிட்டால் நாடி லேசில் ஏறாது. 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கில் 60 வயதுக்காரரின் உச்ச நாடித்துடிப்பு 160. அதில் 70 சதவீதம் இலக்கு என்றால் 112. மாத்திரை போட்டவர் அந்த 112-ஐத் துரத்தினால் மூச்சு முட்டிவிடும், வாட்ச் இன்னும் போதாது என்றே காட்டும். சரி, ஈசிஜி எடுக்கிற வாட்ச்? அதனால் மாரடைப்பைக் கண்டுபிடிக்க முடியாது என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது.

மூன்றாவதற்குக் காசே வேண்டாம்: பேசிக்கொண்டே நடப்பது. கேஆர்பி அணைப் பக்கம் நடக்கும்போது, கூட வருகிறவரிடம் மாங்காய் விலையை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் வேகம் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை இரைத்தால் குறையுங்கள். பாட்டே பாட முடிந்தால் கொஞ்சம் கூட்டலாம். எண்தான் வேண்டும் என்பவர்களுக்கு, சிரமத்தை 6 (சிரமமே இல்லை) முதல் 20 (உச்ச சிரமம்) வரை நாமே மதிப்பிடும் போர்க் அளவுகோல் இருக்கிறது. ஆரம்பத்தில் 11 முதல் 13 போதும். மாத்திரை நாடியை அடக்கினாலும் இரைப்பு காட்டிக்கொடுத்துவிடும். என் ஓட்டு இதற்குத்தான்.

இரண்டு தரப்பினரைத் தவிர. நாள்பட்ட சுகர்காரர்களுக்கு நெஞ்சுவலி தெரியாமலே போகலாம். எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் குறைவு என்று வந்தவர்களும் அப்படியே விடக்கூடியவர்கள் அல்ல. இவர்கள் கடன்பட்டாவது முதல் சில வாரங்கள் ஈசிஜி கண்காணிப்பில் நடப்பது நல்லது. 2021-இல் இதே மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அரசுத் திட்டத்தின் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்ப்பார்கள். உதவிதான், ஆனால் அது ஈசிஜிக்கு ஈடாகாது.

எந்த வழியானாலும் முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக நடங்கள். சட்டென்று நின்றால் பிரஷர் இறங்கித் தலைசுற்றும். நெஞ்சு இறுகினால் உடனே உட்கார்ந்து, டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நாக்கடியில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108. சையது பாஷா மலை ஏறுவதெல்லாம் டாக்டரைக் கேட்டபிறகுதான்.