விற்பனைக்கு ஒரு புறநகர் வீடு: பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?

கீழே ஹால், சமையலறை, ஒரு படுக்கையறை. மேலே இரண்டு படுக்கையறை, அதற்கு மேல் மொட்டை மாடி. கட்டி 20 வருடம். நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்குத் தாராளம். அறைகளை அமைத்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னல்கள் எதிரெதிரே இருப்பதால் காற்று குறுக்கே ஓடுகிறது. மேற்குப் பார்த்த மாடி அறை மட்டும் சூடேறும். சாயங்கால வெயில் தாழ்வாக வருவதால் சன்ஷேடை நீட்டிப் பயனில்லை, ஜன்னலுக்கு வெளியே தட்டியோ மரமோதான் வேண்டும்.

இந்த வீட்டின் தொல்லையெல்லாம் தண்ணீரால் வந்தது. ஹாலின் பின்சுவரில் தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரம் வரை பெயின்ட் கூடுதலாகப் பளபளக்கிறது. ஓதத்தை மறைக்க எண்ணெய் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மூலையில் நகத்தால் சுரண்டினால் ஏடு ஏடாக உரிந்து, அடியிலிருந்து வெள்ளை உப்புத்தூள் கொட்டுகிறது. அதே சுவரை வெளியே சுற்றிப் போய்ப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்: பூச்செடிக்குக் கொட்டிய மண் சுவரை ஒட்டி வீட்டின் தரைமட்டம் வரை ஏறி நிற்கிறது. அஸ்திவாரத்துக்கு மேல் போட்ட ஈரத்தடுப்பு அடுக்கை மண் தாண்டிவிட்டால் அந்த அடுக்கு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மண்ணை அந்த அடுக்குக்குக் கீழே குறைந்தது 150 மி.மீ. வரை வெட்டி எடுத்து, சுவரிலிருந்து விலகி மீட்டருக்கு 5 செ.மீ. வாட்டம் கொடுக்க வேண்டும். உப்பேறிய காரையைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்துவிட்டு, சுவரை மாதக்கணக்கில் காயவிட்டுத்தான் மறுபடி பூச வேண்டும். அவசரப்பட்டுப் பூசினால் உப்பு புதுக் காரையிலும் பூக்கும்.

மாடி ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடுகிறது. அகலம் 1 மி.மீ.க்குள்தான், பெயின்ட் உள்ளே இறங்கியிருக்கிறது. அதாவது விரிசல் பெயின்டுக்கு மூத்தது. ஆனால் நின்றுவிட்டதா என்று சொல்லும் அளவுக்குப் பெயின்டுக்கு வயதாகவில்லை. இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, சில வாரம் கழித்துப் பார்ப்பதே வழி. கோட்டைத் தாண்டினாலோ, ஒரு முனை மட்டும் அகன்றுகொண்டே போனாலோ கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். 5 மி.மீ. அகல விரிசல் என்றால் காத்திருக்கவே வேண்டாம்.

மேல் குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால் பாதி கதவோரம் தேங்குகிறது. தரை வாட்டம் 80-க்கு 1 என்ற அளவிலாவது வடிகாலைப் பார்த்து இருக்க வேண்டும். இங்கே அது கதவைப் பார்த்து இருக்கிறது. அதற்கு நேர் கீழே ஹால் கூரையில் பழுப்புக் கறை, வளையத்துக்குள் வளையமாக. பலமுறை நனைந்து காய்ந்ததன் அடையாளம் அது. டைல்ஸைப் பெயர்த்து நீர்த்தடுப்புப் போடாமல் கறைமேல் வெள்ளை அடிப்பது வீண். ஃப்ளஷ் செய்யும்போது தரை வடிகால் 'களக் களக்' என்கிறது. காற்றுக்குழாய் அடைத்திருக்கலாம், அல்லது வைக்காமலே விட்டிருக்கலாம். இப்படியே விட்டால், நாற்றத்தைத் தடுக்க வடிகாலில் நிற்கும் தண்ணீரை, இறங்கும் ஃப்ளஷ் தண்ணீர் உறிஞ்சிவிடும். பிறகு சாக்கடை நாற்றம் அறைக்குள் வரும்.

மின்சாரத்தில் பிழை இல்லை. மின்கசிவுக்கு விழும் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச், டெஸ்ட் பொத்தானை அழுத்தியதும் விழுகிறது.

தெரு அமைதியானது, ஆனால் பகலில் மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். இரவு ஒருமுறையும் மழை விட்டவுடன் ஒருமுறையும் போக வேண்டும். பழைய சாலைமேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, தெரு வாசலைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டது. எதிர்வீட்டு மதில் சுவரில் கணுக்கால் உயரத்துக்கு ஒரு சேற்றுக்கோடு தெரிகிறது. வாசலில் குறுக்கு வடிகாலும் கம்பிச் சட்டமும் போடாமல் குடிபோகக் கூடாது. பக்கத்து வீட்டுப் பெரிய மரம் கழிவுநீர்க் குழாய்க்கு மேலேயே நிற்கிறது. வேர் பெரும்பாலும் குழாயின் இணைப்புகள் வழியாகத்தான் உள்ளே நுழையும் என்பதால், குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது நல்லது.

வாங்கத் தகுந்த வீடுதான். பேரத்தில் ஓதச் சுவர், குளியலறைத் தரை, வாசல் வடிகால் மூன்றுக்கும் ஆகும் செலவைக் கழித்துவிட்டுப் பேச வேண்டும். விற்பவர் பெயின்ட் செலவைக் கணக்கில் சேர்த்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அந்தப் பின்சுவரில் அதைச் சுரண்டி எடுக்கத்தான் கூலி கொடுக்கப் போகிறீர்கள்.