அம்மாவோடு பினாங்குக்கு: இடிஎஸ் ரயிலும் ஃபெரியும்

கோலாலம்பூர் செந்தூலில் இருந்துகொண்டு, வீட்டு வாசலில் கார் நிற்கும்போது, பினாங்குக்கு ஏன் ரயிலில் போகிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். பதில் நீளமானது, அதனால் எழுதிவிடுகிறேன். எழுபதைத் தாண்டிய, இரண்டு முழங்காலும் வலிக்கிற அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவள் எழுதுவது இது. முதுகில் ஒரு பையோடு தனியாகக் கிளம்பும் இளையவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

தீர்ப்பை முதலிலேயே சொல்கிறேன். கோலாலம்பூரின் பெரிய நிலையமான கேஎல் சென்ட்ரலில் இருந்து, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் வரை ஓடும் இடிஎஸ், அதாவது கேடிஎம் ரயில் நிறுவனத்தின் மின்சார ரயில், பெரியவர்களோடு வடக்கே போக எனக்குத் தெரிந்த நல்ல வழி. நான்கு மணி நேரம், கொஞ்சம் கூடுதலாகவும் ஆகலாம். அந்த நேரத்தில் அம்மா சாய்ந்து தூங்கலாம், கால் மரத்தால் எழுந்து நடக்கலாம், நினைத்தபோது கழிவறைக்குப் போகலாம். நெடுஞ்சாலையில் அடுத்த ஓய்விடம் வரும்வரை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ரயில் ஓடுகிற நேரம் சுலபமான நேரம். சிரமமெல்லாம் மாறுகிற இடங்களில்தான் இருக்கிறது. வீட்டிலிருந்து சென்ட்ரல், காத்திருக்கும் கூடத்திலிருந்து மேடை, பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரி, ஃபெரியிலிருந்து தங்கும் இடம். பயணம் என்றதும் நாம் எங்கே சாப்பிடுவது, எதைப் பார்ப்பது என்றுதான் பேசுகிறோம். அந்த நான்கு இடங்களை உட்கார்ந்து யோசித்துவிட்டால் மற்றது தானாக நடக்கும்.

டிக்கெட்டைக் கேடிஎம் செயலியிலேயே வாங்கலாம். தீபாவளி, தைப்பூசம், நோன்புப் பெருநாள், பள்ளி விடுமுறை என்றால் விற்பனை தொடங்கியதுமே வாங்கிவிடுங்கள், திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்து. போகும் டிக்கெட் மட்டும் கையில் வைத்துக்கொண்டு பினாங்கில் உட்கார்ந்து திரும்ப இடம் தேடுவது, ஓய்வுக்காகப் போன இரண்டு நாளையும் கெடுத்துவிடும். 60 வயது ஆன மலேசியர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. வாங்கும்போதே முதியோர் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். மைகாட் அடையாள அட்டை கைப்பையில் இருக்கட்டும். ரயிலில் வகைகள் உண்டு: பிளாட்டினம் என்றால் நிற்கும் நிலையங்கள் குறைவு, கோல்டு என்றால் கூடுதல். நேர வித்தியாசம் பெரிதாக இல்லை, உங்களுக்கு ஒத்துவரும் நேரத்தைப் பாருங்கள். நான் எப்போதும் காலை ரயிலைத்தான் எடுப்பேன். பகல் வெளிச்சத்தில் புது ஊரில் இறங்குவது அம்மாவுக்குத் தைரியம் தருகிறது. மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டாலும் அதற்குள் அறைக்குப் போய்விடலாம்.

இருக்கை தேர்வு செய்யும்போது அவசரப்படாதீர்கள். இப்போது ஓடும் பல ரயில்களில் ஒரு பெட்டியின் பாதி இருக்கைகள் ஒரு பக்கமும் மறுபாதி எதிர்ப்பக்கமும் பார்க்கும், திருப்ப முடியாது. நடுவில் மேசை போட்டு எதிரெதிரே நான்கு பேர் உட்காரும் இடம் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நன்றாக இருக்கும். ஆனால் முழங்கால் வலிக்காரர்கள் அங்கே காலை நீட்ட முடியாது. அம்மாவுக்கு நான் எடுப்பது கதவிலிருந்து அதிக தூரம் இல்லாத, நடைபாதை ஓர இருக்கை. ஜன்னல் பக்கம் நான்.

செந்தூலிலிருந்து கொமுட்டர் உள்ளூர் ரயில் நேராகச் சென்ட்ரலுக்கு வருகிறது. தனியாக என்றால் அதுவே போதும். அம்மாவோடு என்றால் செயலியில் கூப்பிடும் கிரேப் வாடகைக் கார் எடுக்கிறேன். அந்தச் சில வெள்ளியை மிச்சம்பிடித்து என்ன செய்யப்போகிறோம்? புறப்படும் நேரத்துக்கு முக்கால் மணி முன்பே கூடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். கேட் திறந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து மின்படிக்கட்டுக்கு ஓடுவார்கள். இடம் எண் போட்டது, யாரும் எடுத்துக்கொள்ள முடியாது, அப்படியிருந்தும் ஓடுவார்கள். பெரியவர்களை அந்தக் கூட்டத்தில் விடாதீர்கள். மின்தூக்கி எந்தப் பக்கம் என்று முன்பே பார்த்து வைத்துக்கொண்டு, அதில் இறங்குங்கள். சக்கர நாற்காலி தேவையென்றால் அங்குள்ள பணியாளர்களிடம் முன்கூட்டியே பேசுவது நல்லது.

உள்ளே குளிரும். மெல்லிய சால்வை போதாது. அம்மாவுக்குக் காலுறையும் ஒரு கம்பளிச் சட்டையும் வைக்கிறேன். சாப்பாடு விற்கும் பெட்டி ஒன்று உண்டு, வகைகள் அதிகம் கிடையாது. ஓடுகிற ரயிலில் அதுவரை நடந்துபோவதும் வயதானவர்களுக்குச் சரிப்படாது. பிரிக்பீல்ட்ஸ் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே பசியாறிவிட்டு ஏறலாம். நான் பொடி தடவிய இட்லியும், தெர்மோஸில் சீனி போடாத தேத்தண்ணியும் கட்டிக்கொண்டு வருகிறேன். மாத்திரை நேரம் தவறாமல் இருக்க அதுதான் வசதி.

அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். அதனாலோ என்னவோ, இந்தப் பாதையைப் பற்றிச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியவில்லை. மின்சார ரயில் 2010ல் ஈப்போ வரைதான் வந்தது; வடக்கே போனது 2015ல். ஈப்போவை நெருங்கும்போது சுண்ணாம்புக்கல் மலைகள் செங்குத்தாக எழுந்து நிற்கும். கோலகங்சார் தாண்டி, தைப்பிங்குக்கு முன்னால், புக்கிட் பெராப்பிட் மலைக்கடியில் ஏறக்குறைய 3.3 கிலோமீட்டர் நீளச் சுரங்கம். பழைய ஒற்றைப் பாதை அந்த மலையை வளைந்து வளைந்து கடந்ததை அப்பா கை அசைத்துக் காட்டுவார். அப்புறம் புக்கிட் மேரா ஏரி. ரயில் தண்ணீருக்கு மேலேயே போகிறது. அங்கிருந்து பாகான் செராய், பாரிட் புந்தார் வரை வயல்வெளி. அம்மா தூங்கினாலும் ஏரி வரும்போது எழுப்பிவிடுவேன். எழுப்பாவிட்டால் கோபித்துக்கொள்வார்.

பட்டர்வொர்த்தில்தான் பலர் குழம்பிப்போகிறார்கள். கடைசி நிலையம் என்பதால் இறங்க அவசரமே இல்லை, கூட்டம் போகட்டும். மேடையிலிருந்து மின்தூக்கியில் மேலே ஏறினால், 2018ல் திறந்த பினாங்கு சென்ட்ரல் பேருந்து முனையத்துக்கும் அங்கிருந்து ஃபெரிக்கும் நடந்து போகலாம். நல்ல காலுக்குப் பத்து நிமிடம், அம்மாவின் காலுக்கு அதைவிட இரண்டு மடங்கு. இழுக்கும் பெட்டி ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இந்த நடைக்காகத்தான். ஒரு கை பெட்டிக்கு, ஒரு கை அம்மாவுக்கு.

கிரேப் எடுத்துப் பாலம் வழியாகப் போகலாமே என்பார்கள். தங்குவது பாயான் லெப்பாஸ், குளுகோர் பக்கம் என்றால் சரி. ஜார்ஜ்டவுன் என்றால் தெற்கே இறங்கிப் பாலம் ஏறி மறுபடி வடக்கே வர வேண்டும், மாலையில் நெரிசல் வேறு. ஃபெரி நேராக ஊரின் வாசலிலேயே இறக்கிவிடுகிறது. கார் ஏற்றிய அந்தப் பழைய பெரிய ஃபெரிகள் இப்போது இல்லை. 2023 ஆகஸ்டிலிருந்து ஓடுவது புதிய படகுகள். ஆட்களும் இருசக்கர வண்டிகளும் மட்டும். வயது வந்தோருக்குக் கட்டணம் 2 வெள்ளி, ரொக்கம் வாங்க மாட்டார்கள். டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கிறதா என்று கோலாலம்பூரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பழைய படகின் திறந்த தளத்தில் நின்று காற்று வாங்கியதை நினைத்து அம்மா இன்னும் ஏங்குகிறார். எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. ஆனாலும் கால் வலிக்கு, குளிர்ச்சியான அறையில் நாற்காலியில் உட்கார்ந்து கடப்பது இதம். ஃபெரி விடியவிடிய ஓடிக்கொண்டே இருக்காது, அதனால் கடைசி ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் நேரத்தைச் சரிபார்க்க வேண்டும்.

தீவுப் பக்கத்து ஃபெரித் துறையான வெல்ட் கீயில் இறங்கியதும் இலவச கேட் (CAT) பேருந்து நகரத்துக்குள் சுற்றுகிறது. சுற்றிப்பார்க்க அது அருமை. பெட்டியோடு அறைக்குப் போகும் முதல் பயணத்துக்கு மட்டும் கிரேப்.

தங்குமிடம் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஜார்ஜ்டவுன் 2008ல் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. பழைய கடைவீடுகள் பல இப்போது தங்கும் விடுதிகள். பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் மரப்படி செங்குத்து, மின்தூக்கி இருக்காது. கீழ்த்தள அறை என்று எழுதிக் கொடுத்த ஒரு விடுதி, போய் நின்றபோது மாடியைக் காட்டியது. அம்மா படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார், பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இப்போதெல்லாம் முதல் நாளே தொலைபேசியில் அழைத்து, கீழ்த்தளமா, குளியலறைக்குள் படி இருக்கிறதா, இரண்டையும் வாய்விட்டுக் கேட்கிறேன். லிட்டில் இந்தியா பக்கம் எடுத்தால் லெபோ குவீன் மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போகலாம், சாப்பாட்டுக்கும் அலைய வேண்டாம்.

ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும். தண்ணீர்மலை முருகனைப் பார்க்க 513 படி ஏற வேண்டும். ஏற முடியாத பெரியவர்களுக்குக் கீழேயே நகரத்தார் கோயில் இருக்கிறது. அம்மா அங்கே உட்கார்ந்து மலையைப் பார்த்துக் கும்பிடுகிறார், நான் காலையிலேயே மேலே போய் வந்துவிடுகிறேன். பினாங்குக் கொடிமலை ரயிலுக்கு வார நாள் காலைதான் நல்லது. சனி ஞாயிறில் வரிசையிலேயே பாதி நாள் போகும்.

மூன்று நான்கு பிள்ளைகளும் பால் பாட்டிலும் தள்ளுவண்டியுமாகப் போகும் குடும்பத்துக்கு நான் காரையே சொல்வேன். பாலிக் பூலாவ், தெலுக் பகாங் என்று தீவைச் சுற்ற நினைப்பவர்களுக்கும் அப்படித்தான். மற்றவர்கள் ரயிலில் போங்கள். திரும்பும் நாளில், ரயில் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே தீவை விட்டுக் கிளம்பிவிடுங்கள். மிச்ச நேரத்தில் பினாங்கு சென்ட்ரலில் அம்மாவுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டு மெதுவாக மேடைக்கு நடக்கலாம்.