பழைய பதிலை யார் திருத்துவது? கொஸ்டின்2ஆன்சரா, டிஸ்கோர்ஸா

நன்னிலம் பக்கத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நெல் சாகுபடிக்கென்று ஒரு கேள்வி பதில் தளம் நடத்துகிறோம். 2019 குறுவையின்போது கொஸ்டின்2ஆன்சர் என்ற மென்பொருளில் ஆரம்பித்தோம், நாலு வருஷம் கழித்து டிஸ்கோர்ஸ் என்ற இன்னொன்றுக்கு மாறினோம். மன்னார்குடிப் பக்கத்து நண்பர்கள் சிலர் இப்போது இதே மாதிரி ஒன்று தொடங்கப் போகிறார்கள், எதை வைத்துத் தொடங்கலாம் என்று கேட்டார்கள். நான் டிஸ்கோர்ஸ் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாட்ஸ்அப் குழு போதாதா என்றால், போதாது. அங்கே போட்ட செய்தியைப் பதினைந்து நிமிஷத்துக்குள்தான் திருத்த முடியும். நாற்றங்கால் சந்தேகம் வருஷா வருஷம் வருவது.

இரண்டும் இலவசம், இரண்டும் திறமூலம். கொஸ்டின்2ஆன்சருக்கு பிஎச்பி, மைஎஸ்கியூஎல் இருக்கிற மலிவு ஹோஸ்டிங்கே போதும். டிஸ்கோர்ஸுக்குத் தனி சர்வர் வேண்டும், குறைந்தது 1 ஜிபி ரேமாவது வேண்டும். காசுக் கணக்கில் கொஸ்டின்2ஆன்சர்தான், அதில் வாதமே இல்லை.

ஓட்டு விஷயத்திலும் மேலோட்டமாகப் பார்த்தால் அதுவே மேல். ஒவ்வொரு பதிலுக்கும் மேல் ஓட்டு, கீழ் ஓட்டு போடலாம், அதிக ஓட்டு வாங்கிய பதில் மேலே வந்து நிற்கும். எங்களைக் கவிழ்த்ததும் அதுதான். நெற்பயிரைத் தாக்கும் ஆனைக்கொம்பன் ஈக்கு என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு 2019-ல் ஒருவர் ஃபோரேட் குருணை என்று பதில் எழுதியிருந்தார். அன்றைக்கு அதில் தப்பில்லை. முப்பது ஓட்டுக்கு மேல் விழுந்தது. 2020 டிசம்பர் 31-லிருந்து அந்த மருந்துக்கு நாடு முழுக்கத் தடை. தளத்தில் மட்டும் அது முதலிடத்திலேயே உட்கார்ந்திருந்தது. 2022 சம்பாவில் ஒரு பையன் அதைப் படித்துவிட்டு மருந்துக்கடையில் போய்க் கேட்டிருக்கிறான். “அதைத் தடை பண்ணி ரெண்டு வருஷம் ஆகப்போவுது தம்பி, எவன் சொன்னான்?” என்று கடைக்காரர் கேட்டபோது எங்கள் தளத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறான்.

அதே கேள்விக்குக் கீழே சரியான பதில் ஒன்றும் இருந்தது, மூன்றே மூன்று ஓட்டோடு. பழைய பதிலுக்குக் கீழ் ஓட்டுப் போட்டு இறக்கியிருக்கலாமே என்பீர்கள். எங்கள் ஊரில் அது நடக்காது. எழுதியவர் பக்கத்து வாய்க்கால்காரர். யார் போட்டது என்று தளம் காட்டாவிட்டாலும், இருப்பதே ஏழெட்டு வீடு, ஊகிக்க எத்தனை நேரம் ஆகும்? நாளைக்கு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டாமா? ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாளர்களின் கேள்வி பதில் தளத்தில் பதிலுக்குக் கீழ் ஓட்டுப் போட்டால் எழுதியவருக்கு 2 புள்ளி குறையும், போட்டவருக்கும் 1 குறையும். முகம் தெரியாத லட்சம் பேர் இருக்கிற இடத்தில் அந்தக் கணக்கு செல்லும். இத்தனைக்கும் அவர்களுக்கே பழைய பதில் தலைவலிதான். பழைய ஓட்டின் எடையைக் குறைத்துப் பார்க்கும் வரிசை ஒன்றை 2022-ல் கொண்டுவந்தார்கள்.

ஆக, ஓட்டு பழசாவதில்லை, பதில்தான் பழசாகிறது. அதற்கு மருந்து திருத்தம் ஒன்றுதான். இரண்டு மென்பொருளுக்கும் உண்மையான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

கொஸ்டின்2ஆன்சரிலும் இத்தனை புள்ளி சேர்ந்தால் பிறர் பதிலைத் திருத்தலாம் என்று வைக்க முடியும். வைத்தோம். கல்லூரி முடித்த ஒரு தம்பி, நல்ல எண்ணத்தோடுதான், பழைய பதில்களில் இருந்த ஊர்ப்பேச்சையெல்லாம் புத்தகத் தமிழாக்கிக்கொண்டே போனார். மேலுரத்துக்கு ‘மாவுக்கு 8 கிலோ யூரியா’ என்று இருந்ததை ‘ஏக்கருக்கு 8 கிலோ’ என்று மாற்றிவிட்டார். மூன்று மா சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். போட வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் அந்தப் பதிலில் மிச்சம். கடைசியாகத் திருத்தியது யார் என்று தளம் காட்டியது, முன்னால் என்ன இருந்தது என்று காட்டவில்லை. அதற்குத் தனியாக ஒரு செருகுநிரல் (மென்பொருளோடு சேர்க்கிற கூடுதல் துண்டு) போட வேண்டுமாம், நாங்கள் போடவில்லை. அவர் கை வைத்த மற்ற பதில்களை எழுதியவர்களையே போனில் பிடித்துக் கேட்டுச் சரிசெய்ய ஒரு வாரம் ஆனது.

டிஸ்கோர்ஸில் திருத்த வரலாறு கூடவே வருகிறது. பதிவின் மூலையில் இருக்கும் பென்சிலைத் தொட்டால் போனது சிவப்பிலும் வந்தது பச்சையிலும் தெரியும். தப்பென்றால் பழையதற்கே திரும்பலாம். ஒரு பதிவை விக்கி ஆக்கிவிட்டால் அடுத்தவரும் அதில் கை வைக்கலாம். அதற்குப் பெரிய தகுதியும் வேண்டாம், ஐந்து தலைப்பைத் திறந்து, முப்பது பதிவு படித்து, பத்து நிமிஷம் இருந்தவருக்கே அந்த உரிமை கிடைக்கிறது. மேட்டூர் அணைத் திறப்புத் தேதிக்கான பக்கம் இப்போது அப்படித்தான் ஓடுகிறது. வழக்கமான தேதி ஜூன் 12 என்றாலும் 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 வரை இழுத்தது. யார் முதலில் கேள்விப்படுகிறாரோ அவர் மாற்றிவிடுகிறார். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதம் வரை இருக்கலாம் என்பதும் மழை வருஷங்களில் தளர்த்தப்படுகிற கணக்கு, அதற்கும் ஒரு விக்கிப் பக்கம் வைத்திருக்கிறோம்.

குறை இல்லாமலில்லை. டிஸ்கோர்ஸில் பதில்கள் வந்த வரிசையிலேயே நிற்கும், இருப்பது லைக் மட்டும்தான். பதிலுக்கு ஓட்டுப் போட ஒரு செருகுநிரல் உண்டு. இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன், அதைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்ல அந்த அனுபவம் போதாது. இன்னொன்று மின்னஞ்சல். அது சரியாகப் போய்ச்சேராவிட்டால் யாரும் கணக்கே தொடங்க முடியாது. எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு ஜிமெயில் கடவுச்சொல் பேரனுக்குத்தான் தெரியும்.

தளத்தில் என்ன வசதி வேண்டும் என்று கேட்பதில் மட்டும் எதிர்பாராத லாபம். முன்பு எல்லோரும் எல்லா யோசனைக்கும் ஓட்டுப் போட்டுவிடுவார்கள், எது அவசரம் என்றே தெரியாது. டிஸ்கோர்ஸின் தலைப்பு ஓட்டில் ஆளுக்கு இத்தனைதான் என்று கணக்கு உண்டு, யோசனை நிறைவேறித் தலைப்பை மூடினால் ஓட்டு கைக்குத் திரும்பும். இலைப் படத்தைச் சுருக்காமல் போட வசதி வேண்டும் என்பது அப்படித்தான் மேலே வந்தது. கேள்வியைப் பேசியே பதியும் வசதிக்கு இதுவரை நாலு ஓட்டுதான். அது தேவைப்படுகிற பெரியவர்கள் ஓட்டுப் போடுகிற பக்கத்துக்கே வருவதில்லை. அதனால் அந்த ஒன்றை மட்டும் ஓட்டு பார்க்காமலே செய்யச் சொல்லிவிட்டேன்.

மலிவு ஹோஸ்டிங்தான் கட்டுப்படியாகும் என்றால் கொஸ்டின்2ஆன்சரையே போடுங்கள். திருத்த வரலாற்றுச் செருகுநிரலை மட்டும் முதல் நாளே போட்டுவிடுங்கள். நாலு வருஷம் கழித்து மாறிக்கொள்ளலாம் என்று நினைத்தால், பதிவுகளைக் கொண்டுவர எங்களுக்கு ஒரு தாளடிப் பருவமே ஆனது. கொண்டுவந்தும் பழைய ஓட்டுகள் வந்துசேரவில்லை. அந்த முப்பதும் போனதில் எனக்கு வருத்தமில்லை.