வீட்டில் கட்டிய 100 வாட் ஸ்டீரியோ ஆம்ப்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

நானே கட்டிய இந்த ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர், ஒலிபெருக்கி) பல வருடங்களாக அநேகமாக தினமும் ஓடுகிறது. கட்டி முடித்த வாரத்தில் இதை எழுதியிருந்தால் சர்க்யூட்டைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். இப்போது போர்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அது பாட்டுக்கு வேலை செய்கிறது. ஒரு பெரிய ஆம்ப் காலம் தாங்குமா தாங்காதா என்பது டிரான்ஸ்ஃபார்மரிலும் ஹீட் சிங்கிலும் எர்த் ஒயரிங்கிலும் ஸ்பீக்கர் ரிலேயிலும்தான் இருக்கிறது. அதனால் அவற்றைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

உள்ளே இருப்பது இதுதான்: கிளாஸ் ஏபி வகை (ஜோடி டிரான்சிஸ்டர்கள் அலையின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் பங்கிட்டுத் தரும் வகை), ஒவ்வொரு சேனலுக்கும் 5200/1943 பவர் டிரான்சிஸ்டர் இரண்டு ஜோடி, 500 விஏ டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர், 35-0-35 வோல்ட். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜும் கண்டன்சர்களும் தாண்டி வந்தால் சும்மா இருக்கும்போது பிளஸ் மைனஸ் 49 வோல்ட் காட்டும். ஸ்பீக்கருக்குப் பதிலாக 8 ஓம் ரெசிஸ்டரை (டம்மி லோடு) போட்டு ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால் அலையின் தலை தட்டையாகும் இடம் 42 வோல்ட் பீக். கணக்குப் போட்டால் 110 வாட். இது தொடர்ந்து கொடுக்கும் ஆர்எம்எஸ் வாட். கடை மியூசிக் சிஸ்டங்களின் பெட்டி மேல் ஆயிரக்கணக்கில் அச்சடிக்கும் பிஎம்பிஓ வாட்டுக்கு இப்படி அளந்து பார்க்கும்படியான பொது வரையறை எதுவும் கிடையாது.

வீட்டில் கேட்க 100 வாட் எதற்கு என்று பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் தரும். வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு ஒரு வாட் கூடத் தேவையில்லை. ஆனால் நன்றாகப் பதிவு செய்த இசையில் சராசரி ஒலிக்கும் ஒரு தவில் அடிக்கும் 15, 20 டெசிபல் வரை வித்தியாசம் இருக்கும். 20 டெசிபல் என்றால் 100 மடங்கு வாட். சராசரியில் ஒரு வாட் ஓடும் பாட்டு, அந்த ஒரு அடிக்கு மட்டும் 100 வாட் கேட்கும். அது இல்லாத ஆம்பில் அடியின் முனை மழுங்கிப்போகிறது. பெரிய ஆம்பின் பயனை நான் கேட்பது அந்த இடத்தில்தான். ஆனால் 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் சத்தம் இரண்டு மடங்காகும் என்று யாரும் நினைக்க வேண்டாம். கூடுவது வெறும் 3 டெசிபல்.

பவர் சப்ளை இந்த ஆம்பில் பாதிக்கு மேல் எடையும் செலவும் எடுத்துக்கொண்டது. பிளஸ், மைனஸ் என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் 20,000 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ரெக்டிஃபையருக்குப் பிறகு நொடிக்கு 100 தடவை கண்டன்சர் நிரம்புகிறது. 2 ஆம்பியர் இழுக்கும்போது ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) சுமார் ஒரு வோல்ட், அது போதும். இதற்கு மேல் கண்டன்சர் அடுக்கிக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தக் காசை டிரான்ஸ்ஃபார்மரில் போட்டால் பலன் அதிகம். 500 விஏ டொராய்டல் சுவிட்ச் போட்ட நொடியில் இழுக்கும் கரண்ட் பெரிது, வீட்டு எம்சிபியையே (ஃபியூஸுக்குப் பதிலான சுவிட்ச்) விழ வைக்கும். அதனால் அரை நொடிக்கு ஒரு ரெசிஸ்டர் வழியாக விட்டு, பிறகு ரிலே அதை ஷார்ட் செய்யும் சாஃப்ட் ஸ்டார்ட் வைத்திருக்கிறேன். இந்த அளவு டிரான்ஸ்ஃபார்மருக்கு அது கட்டாயம் வேண்டும்.

பிளஸ், மைனஸ் சப்ளை லைன்கள் (ரெயில்கள்) இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 100 வோல்ட் டிசி நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் அது இருக்கும். ஒவ்வொரு ரெயிலிலும் கண்டன்சரை மெதுவாகக் காலி செய்யும் 2.2 கிலோ ஓம் பிளீடர் ரெசிஸ்டர் போட்டிருக்கிறேன். அப்படியிருந்தும் மீட்டர் வைத்து வோல்ட் இறங்கிவிட்டதா என்று பார்க்காமல் உள்ளே கை வைப்பதில்லை. சேசிஸ் மெயின்ஸ் எர்த்தோடு கெட்டியாக போல்ட் போட்டு இணைந்திருக்க வேண்டும். ஹம் (ஸ்பீக்கரில் கேட்கும் உறுமல்) போக வேண்டும் என்று எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். அது உயிர் விஷயம்.

ஹம்முக்கு வேறு வழி இருக்கிறது. பிரிட்ஜிலிருந்து கண்டன்சருக்கு ஓடும் கரண்ட் சீராக ஓடுவதில்லை, பல ஆம்பியர் அளவில் துடிப்புத் துடிப்பாக ஓடுகிறது. அது போகும் ஒயர் எவ்வளவு தடியாக இருந்தாலும் அதன் இரு முனைக்கும் இடையே சில மில்லிவோல்ட் விழும். இன்புட்டின் கிரவுண்டும் அதே ஒயரில் உட்கார்ந்திருந்தால் அந்த மில்லிவோல்ட்டை ஆம்ப் முப்பது மடங்கு பெருக்கி ஸ்பீக்கருக்குத் தரும். அதுதான் அந்த 100 ஹெர்ட்ஸ் உறுமல். கண்டன்சர்களின் நடுப்புள்ளியிலிருந்து ஒரு சிறு கட்டையான இணைப்பு எடுத்து, அதன் நுனியில் எல்லா கிரவுண்டையும் சேர்த்திருக்கிறேன். சார்ஜிங் கரண்ட் அந்தத் துண்டு வழியாகப் போவதே இல்லை. ட்வீட்டரில் காதை ஒட்டி வைத்தால் லேசான இரைச்சல் கேட்கும், ஹம் இல்லை.

அப்புறம் சூடு. 5200 டிரான்சிஸ்டரின் டேட்டா ஷீட்டில் 150 வாட் தாங்கும் என்று இருக்கும். அது கேஸ் (டிரான்சிஸ்டரின் வெளி உடல்) 25 டிகிரியில் இருக்கும்போது மட்டும். கேஸ் 75 டிகிரி ஆனால் அதே டிரான்சிஸ்டர் தாங்குவது 90 வாட், 150 டிகிரியில் பூஜ்யம். இன்னொன்றும் இருக்கிறது: கிளாஸ் ஏபி ஆம்ப் அதிகமாகச் சுடுவது ஃபுல் வால்யூமில் இல்லை. அதிகபட்ச பவரில் 40 சதவீதம் பக்கம் ஓடும்போதுதான் வெளிவிடும் சூடு உச்சத்துக்குப் போகிறது. என் ரெயில் வோல்ட்டுக்கு அது ஒரு சேனலுக்கு 50 வாட்டைத் தாண்டும். 4 ஓம் ஸ்பீக்கர் போட்டால் இரட்டிப்பு. இரண்டு ஜோடி வேண்டும் என்று முடிவு செய்தது இதனால்தான். ஒரு ஜோடியும் 100 வாட் தரும், காகிதத்தில்.

ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு வாட்டுக்கு 0.6 டிகிரி ஏறும் ஹீட் சிங்க், துடுப்புகள் செங்குத்தாக, ஃபேன் இல்லாமல். பாட்டு கேட்கும் அறையில் ஃபேன் சத்தம் எனக்கு ஆகாது. 50 வாட் தொடர்ந்து விழுந்தால் 30 டிகிரி ஏறும், கோடையிலும் சமாளிக்கலாம். வழக்கமான பயன்பாட்டில் ஹீட் சிங்க் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது, கையை எடுக்காமல் வைத்திருக்கலாம்.

பயாஸ் (பாட்டு இல்லாதபோதும் பவர் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு கரண்ட்) அளவை வைக்கும் டிரான்சிஸ்டர் ஹீட் சிங்கின் மேலேயே, பவர் டிரான்சிஸ்டர்களுக்கு நடுவில் திருகியிருக்க வேண்டும். சிலிக்கன் டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் வோல்ட் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். பயாஸ் டிரான்சிஸ்டர் குளிர்ந்த போர்டில் உட்கார்ந்திருந்தால் பவர் டிரான்சிஸ்டர் சூடானது அதற்குத் தெரியாது. கரண்ட் ஏறும், அதனால் சூடு ஏறும், அதனால் இன்னும் கரண்ட் ஏறும், முடிவில் டிரான்சிஸ்டர் போகும். பயாஸ் டிரிம்மரை (திருகிச் சரிசெய்யும் சிறு ரெசிஸ்டர்) அந்த டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையில் வைப்பது நல்லது. பல வருடம் கழித்து டிரிம்மர் தேய்ந்து திறந்துகொண்டாலும் பயாஸ் குறையுமே தவிர ஏறாது. 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர் ஒவ்வொன்றிலும் 11 மில்லிவோல்ட், அதாவது 50 மில்லி ஆம்பியர் வைத்தேன். வருடத்துக்கு ஒருமுறை நன்றாகச் சூடான பிறகு அளக்கிறேன். கொஞ்சம் அசைந்திருக்கிறது, கவலைப்படும் அளவுக்கு இல்லை.

டிரான்சிஸ்டர் வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. 5200/1943 ஜோடியில் போலிகள் நிறைய. மேலே அச்சு அப்படியே இருக்கும், உள்ளே சில்லு சின்னது. நான் ஒவ்வொன்றையும் ஹீட் சிங்கில் திருகி 30 வோல்ட்டில் 2 ஆம்பியர் ஓடவிட்டுச் சில நிமிடம் பார்த்துவிட்டுத்தான் போர்டில் ஏற்றினேன். ஒரிஜினலுக்கு 60 வாட் பெரிய விஷயமே இல்லை. முதல் பவர் கொடுக்கும்போது மெயின்ஸில் 100 வாட் குண்டு பல்பு சீரீஸாகப் போட்டேன். ஒரு நொடி எரிந்து மங்கினால் சரி, பிரகாசமாகவே நின்றால் உடனே அணைத்துவிட்டுத் தேட வேண்டும்.

இத்தனை வருடத்தில் தேய்ந்தவை என்றால், முதலில் ஸ்பீக்கர் ரிலே. சுவிட்ச் போட்டுச் சில நொடி கழித்து ஸ்பீக்கரை இணைக்கவும், அவுட்புட்டில் டிசி வந்தால் துண்டிக்கவும் அது இருக்கிறது. ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் 49 வோல்ட் நேராக வூஃபர் காயிலுக்குப் போய்விடும் என்பதால் ரிலே இல்லாமல் ஸ்பீக்கர் மாட்டவே கூடாது. ஆனால் அதன் கான்டாக்ட் நாளடைவில் கறுத்துவிடுகிறது. அறிகுறி தெளிவாகவே இருக்கும்: மெதுவாக வைத்துக் கேட்கும்போது ஒரு சேனல் மங்கலாகவும் கரகரவென்றும் இருக்கும், வால்யூமை ஏற்றினால் சட்டென்று சரியாகிவிடும். ஆம்ப் போய்விட்டது என்று பயந்து பலர் டிரான்சிஸ்டரை மாற்றப் போகிறார்கள். ரிலேயை மாற்றினால் தீர்ந்தது. சாக்கெட்டில் மாட்டும் ரிலேயாக வைத்திருந்ததால் எனக்கு ஐந்து நிமிட வேலை.

வால்யூம் கண்ட்ரோல் ஒருமுறை மாற்றியாயிற்று. டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே உள்ள மைக்கா தகட்டுக்கு அடியில் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தது, துடைத்துப் புதிதாகத் தடவினேன். கண்டன்சர்கள் நன்றாகவே இருக்கின்றன. 105 டிகிரி வகை வாங்கி, ஹீட் சிங்கிலிருந்து முடிந்த அளவு தள்ளி வைத்ததன் பலன் அது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் எலெக்ட்ரோலிட்டிக்கின் ஆயுள் சுமார் இரட்டிப்பாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு.

சத்தம் எப்படி என்று கேட்டால்: பேஸ் இறுக்கமாக இருக்கிறது, ஏற்றி வைத்தாலும் குரல் கெடுவதில்லை, நீண்ட நேரம் கேட்டாலும் காது சோர்வதில்லை. டிரான்சிஸ்டரை வேகமாக ஆன், ஆஃப் செய்து ஓடும் கிளாஸ் டி மாடியூல்கள் 90 சதவீதத் திறனோடு இதே வாட்டை உள்ளங்கை அளவு போர்டில் தருகின்றன. அவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் இல்லை. இருந்தாலும், இதில் எந்த பாகம் போனாலும் மீட்டரை எடுத்து நானே கண்டுபிடித்து மாற்ற முடிகிறது. அது எனக்குப் பெரிது.

இதுவரை ஆம்ப் எதுவும் கட்டாதவர் இந்த அளவில் தொடங்க வேண்டாம். எல்எம்3886 ஐசி வைத்து முதலில் ஒன்று கட்டுங்கள். பிளஸ் மைனஸ் 28 வோல்ட்டில் 4 ஓமுக்கு 68 வாட் தரும், ஷார்ட்டுக்கும் சூட்டுக்கும் பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறது. எர்த் ஒயரிங்கும் ஹீட் சிங்க் கணக்கும் அதிலேயே கைவந்துவிடும். ஏற்கெனவே கட்டியவர்கள் இதில் இறங்கினால், சேசிஸையும் ஹீட் சிங்கையும் டிரான்ஸ்ஃபார்மரையும் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பிறகு போர்டைத் தேர்ந்தெடுங்கள். என் ஆம்புக்கு அடுத்த வேலை, ஹீட் சிங்கில் 75 டிகிரியில் திறக்கும் தெர்மல் சுவிட்ச் ஒன்றைத் திருகி ரிலே காயிலோடு சீரீஸாகப் போடுவது. சுவிட்ச் வந்துவிட்டது, துளை போட வேண்டியதுதான் பாக்கி.