முதலில் சிகிச்சையா, முதலில் வீடா?

மனநோயோடு தெருவில் வாழ்பவருக்கு உதவ இரண்டு வழிகள் உண்டு. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, குடியை நிறுத்தி, விடுதியில் நன்னடத்தையை மெய்ப்பித்த பிறகே வீடு என்பது பழைய வழி. ஒரு படி சறுக்கினாலும் மீண்டும் தெருதான். 1992இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘முதலில் வீடு’ முறையோ, அத்தகைய நிபந்தனைகள் இன்றிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, மனநலப் பணியாளரை அந்த வீட்டுக்கே அனுப்புகிறது. மாத்திரையை வைக்க ஓர் அலமாரியும், உள்ளிருந்து தாழிட ஒரு கதவும், அச்சமற்ற இரவுத் தூக்கமும் இல்லாதவரிடம் சிகிச்சை ஒழுங்கை எதிர்பார்ப்பது, என் பார்வையில், தலைகீழான கணக்கு. 2009 முதல் 2013 வரை கனடாவின் 5 நகரங்களில் 2,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், வழக்கமான உதவி பெற்றவர்களைவிட வீடு முதலில் கிடைத்தவர்களே நிலையாகக் குடியிருந்தனர்; ஆனால் மனநோயின் அறிகுறிகள் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தன.